இன்பம் ஒருவர்க்கு, இடர் பிறர்க்கா?

தமிழ்ப்பள்ளிகளில் மாணவர் நெடுங்காலமாக எழுதிவரும் கட்டுரைத் தலைப்புகளுள் 'நான் வளர்க்கும் பிராணி' என்பதும் ஒன்று. பசுவைப் பற்றி எழுதுவோர் சிலர். பூனையைப் பற்றி எழுதுவோர் சிலர். நாயைப் பற்றி எழுதுவோரே பலர். 'நாய் நன்றியுள்ள பிராணி' என்று கட்டுரை தொடங்கும். அதற்கு நான்கு கால்களும் இரண்டு காதுகளும் ஒரு வாலும் உண்டென்று எண்ணிக் காட்டும். இரவில் விழித்திருந்து வீட்டைக் காக்கும் என்று போற்றும். 'ஆகவே, நான் என் நாயை மிகவும் நேசிக்கிறேன்' என்று முடியும். ஆசிரியர் சிவப்பு மையால் ஒற்றுப் பிழைகளைத் திருத்தி, மதிப்பெண் இட்டுத் திருப்பித் தருவார். ஒற்றுப் பிழையைத் திருத்தியவர் பலர். அக்கட்டுரையில் உள்ள அறப்பிழையைத் திருத்தியவர் எத்தனை பேர்?

அறப்பிழை இதுதான்: அங்கே நாயின் கடமைகள் வரிசையாக நிற்கின்றன, வளர்ப்பவரின் கடமைக்கு ஒரு வரிகூட இல்லை. நாய் நன்றி காட்ட வேண்டும். காவல் காக்க வேண்டும். அழைத்தால் ஓடிவர வேண்டும். பிள்ளைகளோடு விளையாட வேண்டும். வளர்ப்பவரோ எஞ்சிய சோற்றைக் கொட்டிவிட்டுக் களித்திருந்தால் போதும். நாயோடு கூடி வாழ்வதில் இன்பம் உண்டு; இடரும் உண்டு. இன்பத்தைப் பாடிவிட்டு, இடரை யார் சுமக்கிறார் என்று கேளாமல் விடும் எழுத்து, பிள்ளையின் உள்ளத்தில் அரைகுறை அறத்தையே விதைக்கும்.

இப்பொருள் அற்பமானது என்று கருதுவோர் இருக்கக்கூடும். மொழியும் பண்பாடும் பேச வேண்டிய ஏடுகளில் நாய்க்கு என்ன வேலை என்று அவர்கள் கேட்கலாம். குழந்தையின் கன்னத்தில் பதிந்த பல்லின் தடத்தைக் கண்டவர் அவ்வாறு கேளார். ஆளில்லாத லயத்தின் வாயிற்படியில் நாள் கணக்கில் படுத்துக் கிடந்த நாயைக் கண்டவரும் கேளார்.

தோட்டமும் நாயும்

நெகிரி செம்பிலான் மாநிலத்தில், சிரம்பானுக்கும் நீலாய்க்கும் இடையே இரயில் தடத்தையொட்டி அமைந்தது லாபு வட்டாரம். லாபு தோட்டத்தின் பிரிவுகளும் கிர்பி தோட்டமும் அங்குள்ள தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களில் இன்றும் வாழ்கின்றன. பால்மரம் நின்ற மண்ணில் பின்னாளில் செம்பனை நின்றது. 1998ஆம் ஆண்டு அருகிலுள்ள சிப்பாங்கில் பன்னாட்டு விமான நிலையம் திறக்கப்பட்டது. தோட்டங்களின் நிலப்பரப்பு சுருங்கியது; வீடமைப்புப் பகுதிகள் பெருகின. தோட்டத்துத் தமிழர் பலர் லயத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்தனர்.

லயத்து வாழ்க்கையில் நாய்க்கு ஒரு தனி இடம் இருந்தது. லயத்து வீடுகளுக்கு மதிலில்லை, வாயிற்கதவில்லை. விடியுமுன் பெரட்டுக்குச் சென்ற தாயும் தந்தையும் வேலை முடிந்து திரும்பும்வரை வீட்டுக்குக் காவல் அதுவே. பால்மரக் காட்டில் நிரை பிடித்து மரம் சீவிய பெண்ணுக்கு முன்னே ஓடி, புதரில் அசைந்த பாம்பைக் கண்டு முதலில் குரைத்ததும் அதுவே. விளையாட்டுப் பொருள் வாங்க வழியற்ற பிள்ளைகளுக்கு அதுவே தோழன். ஆற்றங்கரையிலும் திடலிலும் அதனோடு ஓடியதே அவர்களின் விழா. இதனை மறுப்பாரில்லை.

ஆயினும் அந்நாயைக் கட்டிவைத்தவர் சிலரே. தடுப்பூசி போட்டவர் அதனினும் சிலர். உரிமம் எடுத்தவரை விரல்விட்டு எண்ணலாம். குட்டிகள் பிறந்தன, பிறந்த குட்டிகளில் பெண்குட்டிகள் சந்தை ஓரத்திலும் செம்பனைக் காட்டிலும் கொண்டுபோய் விடப்பட்டன. எல்லாருக்கும் உரிய நாய் என்று சொல்லப்பட்டது, உண்மையில் எவருக்கும் உரியதாகாமல் திரிந்தது. காடும் திடலும் சூழ்ந்த தோட்டத்தில் அவ்வழக்கம் ஓரளவு தாங்கப்பட்டது. சுவரோடு சுவர் ஒட்டிய தாமானுக்கு அதே வழக்கத்தை மூட்டை கட்டிக்கொண்டு வந்ததுதான் இன்றைய சிக்கலின் வேர்.

இன்பம் பொய்யன்று

இடரை எடுத்துரைப்போர் இன்பத்தை இழித்துரைக்கத் தேவையில்லை. மனிதனும் நாயும் கூடி வாழ்ந்த வரலாறு உழவுத் தொழிலினும் பழமையானது. செருமானிய நாட்டில் பான் நகரை அடுத்த ஓபர்காசல் என்னுமிடத்தில் 1914ஆம் ஆண்டு ஒரு புதைகுழி கண்டெடுக்கப்பட்டது. ஏறத்தாழ 14,000 ஆண்டுகளுக்கு முந்திய அக்குழியில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் நாயொன்றும் ஒன்றாகக் கிடந்தனர். அந்நாயின் பற்களைப் பின்னாளில் ஆராய்ந்தோர், அது குட்டியாக இருந்தபோதே கடுநோயுற்றது என்றும், மனிதர் பேணியிராவிட்டால் அத்துணை நாள் பிழைத்திராது என்றும் கருதினர். வேட்டைக்கும் காவலுக்கும் உதவாத நோயாளிக் குட்டியை அன்று எவரோ மடியில் கிடத்திக் காத்திருக்கின்றனர்.

அவ்வன்பு உடலிலும் வேலை செய்கிறது. 2015ஆம் ஆண்டு சப்பானிய ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வொன்று, நாயும் அதை வளர்ப்பவரும் ஒருவரையொருவர் கண்ணோடு கண் நோக்குங்கால் இருவர் உடலிலும் ஆக்சிடோசின் என்னும் சுரப்பு மிகுவதைக் காட்டியது. தாய்க்கும் சேய்க்கும் இடையே பாசத்தை வலுப்படுத்தும் சுரப்பும் அதுவே. முதுமையில் தனித்திருப்போர்க்கும், பேசத் தயங்கும் பிள்ளைக்கும் நாய் தரும் ஆறுதல் வெறுங்கற்பனை அன்று.

தமிழர் இவ்வுறவை அறியாதவர் அல்லர். ஞமலி, ஞாளி என்று பழந்தமிழில் அதற்குப் பெயர்கள் உண்டு. வைரவருக்கு அது ஊர்தி. பாரதக் கதையில் தருமன், தன்னைப் பின்தொடர்ந்த நாயை விட்டுவிட்டு வானுலகம் புக மறுத்தான். இவை எல்லாவற்றினும் சிறந்த சான்று ஒன்று கல்லில் நிற்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. அது ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. தொறுப்பூசலில் வீழ்ந்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனோடு, கள்ளர் இருவரைக் கடித்துக் காத்துநின்ற நாயின் உருவமும் அதில் பொறிக்கப்பட்டுள்ளது. அந்நாயின் பெயர் கோவிவன் என்பதையும் கல்வெட்டு கூறுகிறது. நாயின் பெயரைக் கல்லில் பொறித்தவர்கள் அதற்குத் தாம் பட்ட கடனை ஒப்புக்கொண்டவர்கள். அவர்தம் வழிவந்தோர் பள்ளிக் கட்டுரையில் நாயின் நன்றியை மட்டும் எழுதி, தம் கடனை எழுதாமல் விட்டது எங்ஙனம்?

இடரும் பொய்யன்று

இனி, இடரைப் பார்ப்போம் என்றால் முகம் சுளிப்போர் உளர். 'எங்கள் நாய் எவரையும் கடிக்காது' என்பது அவர்களது மாறாத மந்திரம். ஒவ்வொரு நாயும் முதன்முறை கடிக்கும்வரை எவரையும் கடிக்காத நாய்தான். கடிபட்ட சிறுவர்களைப் பற்றி உலகின் பல பகுதிகளிலும் நடந்த ஆய்வுகள் ஓர் உண்மையைத் திரும்பத் திரும்பச் சொல்கின்றன: குழந்தையைக் கடிப்பது பெரும்பாலும் முன்பின் அறியாத தெருநாய் அன்று, வீட்டு நாய், அல்லது அண்டை வீட்டாரின் நாய். குழந்தையின் உயரமும் நாயின் வாயும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் இருப்பதால் கடி முகத்திலும் கழுத்திலும் விழுகிறது.

கடியினும் கொடியது வெறிநோய். உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இந்நோயால் இறக்கின்றனர் என உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. மனிதர்க்கு நேரும் தொற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாயால் வருவது. வெறிபிடித்ததென ஐயுறப்படும் விலங்குகளிடம் கடிபடுவோரில் நூற்றுக்கு நாற்பதின்மர் பதினைந்து வயதுக்குக் கீழ்ப்பட்டோர். நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது. கடிபட்டவுடன் உரிய மருத்துவம் செய்தால் தடுப்பதோ எளிது. 1885ஆம் ஆண்டு சூலைத் திங்களில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனுக்கு லூயி பாஸ்டர் பாரிசில் தடுப்பு மருந்து செலுத்தி அவ்வழியைத் திறந்தார். 1907ஆம் ஆண்டிலேயே நீலகிரியின் குன்னூரில் அவர் பெயரால் நிலையம் எழுந்தது. மருந்து உண்டு, அறிவு உண்டு, இருந்தும் மக்கள் மடிகின்றனர்.

மலேசியாவுக்கு இக்கவலை இல்லையென்று சொல்லிக்கொண்டிருந்த காலமும் இருந்தது. 2013ஆம் ஆண்டு இந்நாடு வெறிநோய் அற்ற நாடென ஏற்கப்பட்டது. ஈராண்டே கழிந்தன. 2015ஆம் ஆண்டு பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் நோய் மீண்டும் தலைகாட்டியது. 2017ஆம் ஆண்டு சரவாக்கின் செரியான் பகுதியில் அது வெடித்தது. முதலில் உயிரிழந்தோர் சிறுவர்கள். நோய் எல்லைக்கோட்டைப் பார்த்து நிற்பதில்லை. வடக்கில் வந்தது தெற்கில் வாராது என்பதற்கு எவரும் எழுதித் தந்த உறுதி இல்லை.

லாபு வட்டாரத்தார்க்கு இன்னும் அருகில் ஓர் எச்சரிக்கை உண்டு. 1998, 1999ஆம் ஆண்டுகளில் நெகிரி செம்பிலானின் புக்கிட் பெலாண்டோக் பன்றிப் பண்ணைகளை நிப்பா நச்சுயிரி சூறையாடியது. நாட்டில் 265 பேரைப் பற்றிய அந்நோய் 105 உயிர்களைக் கொண்டுபோயிற்று. ஏறத்தாழப் பத்து இலட்சம் பன்றிகள் அழிக்கப்பட்டன. நோய் மனிதர்க்குப் பரவியது பன்றிகளிடமிருந்துதான். நாய்களைக் குற்றஞ்சாட்டுவது முறையன்று. எனினும் நோயுற்ற பண்ணைகளில் திரிந்த நாய்களும் அத்தொற்றுக்கு ஆளாகியிருந்தமை ஆய்வில் தெரியவந்தது. கட்டற்றுத் திரியும் நாய் எங்கே சென்றது, எதைத் தின்றது, எதை மோந்தது என்று அதை வளர்ப்பவர் அறியார். மாலையில் வீடு திரும்பிய அதன் முகத்தில் குழந்தை தன் முகத்தை வைத்துக் கொஞ்சுகிறது. குடற்புழுவும் எலிச் சிறுநீரால் பரவும் காய்ச்சலும் அவ்வழியே வீட்டுக்குள் நுழையக்கூடும். நாயைக் கொஞ்சுவது தவறன்று. அது பகலெல்லாம் எங்கிருந்தது என்று அறியாமல் கொஞ்சுவதே தவறு.

தராசைப் பிடிப்பவர் யார்?

இன்பமும் உண்டு, இடரும் உண்டு என்றால், இரண்டையும் நிறுத்துப் பார்த்து முடிவு செய்யலாமே என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுவர். நிறுப்பது சரிதான். ஆனால், ஒரே மனிதனின் இன்பத்தையும் இடரையும் நிறுக்கும்போதுதான் தராசு நேர்நிற்கும். மலையேறுபவன் தன் காலை ஒடித்துக்கொண்டால் அது அவன் பாடு. நாயோடு கூடிய களியாட்டில் இன்பத் தட்டு ஒருவர் கையிலும் இடர்த் தட்டு மற்றொருவர் கையிலும் இருக்கின்றன. இதனை மறைத்துவிட்டு நிறுப்பது கள்ளத் தராசு.

தோட்டப்புறத்துப் பன்றி வேட்டையைப் பார்க்கலாம். செம்பனைக் கன்றுகளைக் காட்டுப்பன்றி அழிப்பது உண்மை. அதைக் கட்டுப்படுத்த வேண்டியதும் உண்மை. அதற்குச் சட்டவழி உண்டு. 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி உரிமம் பெற வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக் கேளிக்கையாக நாய்க்கூட்டத்தை ஏவிவிடுவது வேறு. பன்றியைச் சுற்றி வளைத்து அதன் கோரைப்பல்லுக்கு முன் நிற்பது வேட்டைக்காரன் அல்லன், நாய். வயிறு கிழிந்து வீழ்வதும் அதுவே. கறி பங்கிடப்படும், கதைகள் பேசப்படும், காயம்பட்ட நாய் பொருட்படுத்தப்படாமல் லயத்தின் பின்புறம் நக்கிக்கொண்டு கிடக்கும். வீரம் யாருடையது? கோவிவனுக்குக் கல் நட்ட மரபினர் என்று சொல்லிக்கொள்ள இவர்களுக்கு உரிமை உண்டா?

நாயை அவிழ்த்துவிட்டு ஓடவிடும் இன்பமும் இத்தகையதே. துள்ளி ஓடும் நாயைக் காண்பது வளர்ப்பவர்க்குக் கண்கொள்ளாக் காட்சி. அதே வேளையில் மிதிவண்டியில் பள்ளிக்குச் செல்லும் சிறுமியின் நெஞ்சம் படபடக்கிறது. 'பயப்படாதே, ஒன்றும் செய்யாது' என்று தொலைவிலிருந்து கூவுபவர் இன்பத்தைத் தாம் வைத்துக்கொண்டு அச்சத்தை அவளிடம் தள்ளிவிடுகிறார். நாய்க்கும் அது நன்மை என்று சொல்லிவிட முடியாது. செம்பனைக் காட்டில் எலிக்கு வைத்த நஞ்சு கிடக்கிறது, நாகம் கிடக்கிறது, சாலையில் லாரி விரைகிறது. மனிதனைப்போல் உடலெங்கும் வியர்த்துத் தணியும் ஆற்றல் நாய்க்கு இல்லை. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்தே அது வெப்பத்தைத் தணிக்கிறது. உச்சிவெயிலில் மோட்டார் சைக்கிளின் பின்னே நாயை ஓடவிட்டுக் களிப்பவர் அதன் விசுவாசத்தையே அதற்குத் தூக்குக் கயிறாக்குகிறார். அழைத்தவர் நிற்காதவரை அதுவும் நிற்பதில்லை.

அண்டை வீட்டாரையும் மறத்தலாகாது. தாமானில் மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் ஒரே வரிசையில் வாழ்கின்றனர். முசுலிம் அண்டை வீட்டார்க்கு நாயின் எச்சில் பட்டால் சமய முறைப்படி ஏழுமுறை கழுவித் தூய்மை செய்யும் கடமை உண்டு. அவற்றுள் ஒன்று மண் கலந்த நீரால். கட்டற்ற நாய் அவர் வாயிற்படியில் ஏறினால், நாயை வளர்ப்பவர்க்கு அது நொடிப்பொழுதின் செய்தி. அவர்க்கோ அது வீட்டுத் தூய்மையின் செய்தி. தலைமுறைகளாக வளர்த்த நல்லுறவை ஒரு சங்கிலியின் விலைக்கு விற்பது அறிவுடைமை ஆகாது.

பழமொழியின் பழி

'குரைக்கிற நாய் கடிக்காது' என்னும் பழமொழியைத் தமிழ் வகுப்பில் கற்பிக்கின்றனர். வெறும் ஆரவாரம் செய்யும் மனிதனுக்கு உவமையாக அது பொருந்தும். நாயைப் பற்றிய அறிவுரையாக அதை எடுத்துக்கொண்ட சிறுவன் கடிபடுவான். குரைப்பு என்பது பல நேரங்களில் 'அணுகாதே' என்னும் எச்சரிக்கை. எச்சரிக்கையை மீறினால் அடுத்தது பல். வாலாட்டுவது எப்போதும் நட்பு என்பதும் அத்தகைய பாதி உண்மைதான். உடல் விறைத்து, வால் உயர்ந்து குறுகி அசைந்தால் அது நட்பாகாது. தலையைத் திருப்பிக்கொள்வதும், உதட்டை நக்குவதும், கண்ணின் வெண்மை தெரியப் பக்கவாட்டில் பார்ப்பதும், வாலை இடுக்குவதும் நாயின் மொழி. 'என்னை விட்டுவிடு' என்று அது அம்மொழியில் கெஞ்சுகிறது. கெஞ்சலைப் புரிந்துகொள்ளாத பிள்ளை கழுத்தைக் கட்டிக்கொள்கிறது. பெற்றோர் அதைப் படம் பிடிக்கின்றனர். கடித்தபின் 'காரணமின்றிக் கடித்தது' என்பர். காரணம் இருந்தது, படிக்கத் தெரியவில்லை. எழுத்தறிவிப்பதையே தொழிலாகக் கொண்ட ஆசிரியர் இவ்வெழுத்தையும் அறிவித்தல் கூடாதோ?

கொல்வது தீர்வாகுமா?

எதிர்முனையில் நிற்போர், 'இத்தனை இடர் இருக்கையில் நாயே வேண்டாம். திரிவனவற்றைச் சுட்டு ஒழியுங்கள்' என்கின்றனர். தோட்ட நிருவாகங்கள் நாயை ஒழிக்கத் துப்பாக்கியை நாடிய காலமும் உண்டு. 2015ஆம் ஆண்டு நோய் பரவியபோது பினாங்கில் தெருநாய்களை அழிக்க மாநில அரசு முற்பட்டது. விலங்கு நலம் பேணுவோர் கடுமையாக எதிர்த்தனர். அச்சம் கொண்ட மக்களின் மனநிலையைக் குறைகூறுவதற்கில்லை. எனினும் உலக அனுபவம் வேறு பாடம் புகட்டுகிறது. ஓரிடத்து நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் அங்கே வெறிநோயின் தொடர் அறும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. கொன்ற இடத்தைப் புதிய நாய்கள் வந்து நிரப்பும். அவை தடுப்பூசி அறியாதவை. தடுப்பூசி பெற்ற நாயையும் சேர்த்துக் கொல்வது, தீயணைக்க வந்தவனைத் தீயில் தள்ளுவது போன்றது.

நாயே வேண்டாம் என்போர் இடரை ஒழிக்கவில்லை. அதை முழுதும் நாயின் தலையில் சுமத்துகின்றனர். ஒன்றும் ஆகாது என்போரும் இடரை ஒழிக்கவில்லை. அதைக் குழந்தையின் தலையிலும் அண்டை வீட்டார் தலையிலும் சுமத்துகின்றனர். இரு சாராரும் ஒருவரையொருவர் தூற்றிக்கொண்டாலும் ஒரு செய்தியில் ஒன்றுபடுகின்றனர்: வளர்ப்பவர் மட்டும் எதையும் சுமக்கவேண்டுவதில்லை.

ஏழ்மை ஒரு விடையா?

'தோட்டத்துத் தொழிலாளியின் ஊதியத்தில் நாய்க்குத் தடுப்பூசியும் கருத்தடையும் எங்ஙனம் இயலும்?' என்னும் கேள்வி நியாயமானது. மேலிருந்து அறிவுரை கூறுவோர் இதைக் கேட்டுத் தலைகுனிய வேண்டும். கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் எளியோர் எட்டும் ஏற்பாடுகளை ஊராட்சி மன்றமும் கால்நடை மருத்துவச் சேவைத் துறையும் தோட்டப்புறம்வரை கொண்டுசெல்லல் கடன். 2020ஆம் ஆண்டு சிரம்பானும் நீலாயும் ஒரே மாநகர் மன்றத்தின்கீழ் வந்தன; நாயைப் பிடிக்க வரும் வண்டி, தடுப்பூசியோடும் வரலாமன்றோ? கோவில் நிருவாகமும் பெற்றோர் சங்கமும் கூடினால் ஆண்டுக்கு ஒருநாள் பள்ளித் திடலில் முகாம் நடத்துவது அரிய செயலன்று.

ஆனால், ஏழ்மை எல்லாவற்றுக்கும் விடையாகாது. கயிற்றுக்கும் ஒரு குவளை நீருக்கும் நிழலுக்கும் பெரும்பணம் வேண்டா. மூன்று நாய்க்குப் பதில் ஒன்றை வளர்ப்பதற்குப் பணமே வேண்டா. தீபாவளிக்கு வெடி வாங்கவும் வேட்டைக்குப் பின் புட்டி வாங்கவும் கிடைத்த பணம், நாயின் ஊசிக்கு மட்டும் கிடைக்கவில்லை என்றால் அதன் பெயர் ஏழ்மை அன்று. சட்டமும் இதனை ஏற்கவில்லை. 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் 2017 சூலை முதல் நடப்புக்கு வந்தது. விலங்கின் தேவைகளை நிறைவேற்றுவதை அது வளர்ப்பவரின் கடமையாக்கியது. கொடுமை இழைப்போர்க்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை தண்டமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கவும் அது வழிவகுத்தது.

விட்டுச் சென்றவர்கள்

எல்லாவற்றினும் நெஞ்சை அறுப்பது ஒன்றுண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் குடிபெயர்ந்தபோது லாரியில் அலமாரி ஏறியது, தொலைக்காட்சிப் பெட்டி ஏறியது, சாமிப்படம் ஏறியது, நாய் ஏறவில்லை. அடுக்குமாடியில் இடமில்லை என்பது காரணம். காரணம் உண்மையாகவே இருக்கலாம். அதற்கென வேறொரு வீடு தேடிக்கொடுக்க ஒரு வாரம் முயன்றவர் எத்தனை பேர்? இத்தனை ஆண்டு காவல் காத்தது வீட்டை அன்று, தங்களை என்பதை அவர்கள் எண்ணவில்லை. லாரியின் பின்னால் செம்மண் சாலையில் ஓடி, பெரிய சாலை வந்ததும் நின்று, திரும்பிச் சென்று ஆளில்லாத வீட்டின் முன் படுத்தது நாய். சில திங்களில் அதே நாய் 'தொல்லை தரும் தெருநாய்' என்று முறையீட்டுக் கடிதத்தில் இடம்பெற்றது. தெருநாய் என்றொரு சாதி பிறப்பதில்லை. மனிதர் கைவிட்டதனால் உண்டாகிறது.

தோட்ட மக்களே பிறரால் கைவிடப்பட்டவர்கள் அல்லரோ என்று கேட்கலாம். ஆம், அதனால்தான் அவர்களிடம் இக்கேள்வி கேட்கப்படுகிறது. உழைப்பு வாங்கிக்கொண்டு, உதவாதபோது வெளியேற்றுவது எத்தகைய கொடுமை என்று அவர்களைவிட அறிந்தவர் யாருமில்லை. தமக்கு இழைக்கப்பட்டதைத் தமக்குக் கீழுள்ள உயிருக்கு இழைக்காதிருப்பதே அத்துன்பம் கற்றுத்தந்த பாடமாக இருத்தல் வேண்டும்.

ஆசிரியர் கையில் உள்ளது

தமிழாசிரியர்கள் அக்கட்டுரைத் தலைப்பை நீக்க வேண்டியதில்லை. அதனை முடிக்க வேண்டும். 'நாய் நன்றியுள்ள பிராணி' என்னும் முதல் வரிக்குப்பின், 'அதை வளர்ப்பவர் நன்றியுள்ளவரா?' என்னும் இரண்டாம் வரியை மாணவர் எழுதட்டும். நாய் உண்ணும்போதும் உறங்கும்போதும் குட்டிகளோடு கிடக்கும்போதும் அணுகலாகாது என்று எழுதட்டும். அறியாத நாய் எதிர்வந்தால் ஓடாமல், கத்தாமல், கைகளை ஒடுக்கி மரம்போல் நிற்கவேண்டும் என்று எழுதட்டும். கடிபட்டால் மஞ்சளும் சுண்ணாம்பும் மிளகாய்ப்பொடியும் அப்பாமல், ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்று எழுதட்டும். அடிவாங்க நேருமென்று அஞ்சிக் கடியை வீட்டில் மறைத்தலாகாது என்பதையும் எழுதட்டும். மறைத்த கடியே உயிரைக் குடிக்கும். இவ்வரிகளால் தமிழின் அழகு குன்றாது. ஓர் உயிர் பிழைக்கும்.

வீட்டில் நாய் வளர்ப்போர்க்கு இடவேண்டிய அளவுகோலும் எளியதே. இக்களிப்பில் இடர் நேர்ந்தால் அதை முதலில் சுமப்பவர் யார் என்று கேட்டுப் பார்க்கட்டும். விடை 'நான்' என்றால் களிக்கட்டும். விடை 'குழந்தை' என்றோ, 'அண்டை வீட்டார்' என்றோ, 'வாய்பேசா நாய்' என்றோ வந்தால், அவ்விடரைத் தம் தோளுக்கு மாற்றிய பின்னரே களிக்கட்டும். அவ்வாறு மாற்றும் வழிகளே சங்கிலியும் வேலியும் தடுப்பூசியும் கருத்தடையும் உரிமமும். விடியலின் குளிர்ச்சியில் நாயைக் கையிற் பிடித்தபடி செம்பனை வரிசையோரம் நடப்பவர் இன்பத்தில் எதையும் இழக்கவில்லை. அவர் நாயும் இழக்கவில்லை. எதிரே மிதிவண்டியில் வரும் சிறுமியும் அஞ்சவில்லை.

ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூரார் தம் நாய்க்குப் பட்ட கடனைக் கல்லில் எழுதினர். இன்று கல் வேண்டா, உளியும் வேண்டா. நாயின் கழுத்தில் ஒரு பட்டையும், அதில் உரிமத் தகடும், அதன் உடலில் தடுப்பூசியும், அதை வளர்ப்பவர் நெஞ்சில் பொறுப்பும் இருந்தால் போதும். அவை இல்லாதவரை, நாயின் நன்றியைப் பற்றித் தமிழில் எழுதப்படும் கட்டுரைகள் எத்துணைப் பிழையின்றி எழுதப்பட்டாலும் பிழையுடையனவே.